தனி அலுவலகம் தொடங்கும் இளம் ஆடிட்டருக்கு: நேரப் பதிவும் கட்டணப் பட்டியலும்



இரண்டு மூன்று ஆர்ட்டிகிள் மாணவர்களையும் ஒரு கணக்கரையும் கொண்டு நடக்கும் சிறிய ஆடிட்டர் அலுவலகம், நேரப் பதிவுக்கும் பில் போடுவதற்கும் மென்பொருள் வாங்க முற்படும்போது, பதிவாகும் நேரம் எதற்குப் பயன்படப்போகிறது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சந்தையில் கிடைக்கும் மென்பொருள்களில் பல, அமெரிக்க வழக்கறிஞர் அலுவலகங்களின் வழக்கத்தைப் பின்பற்றி உருவானவை. கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் பாஸ்டன் நகர வழக்கறிஞர் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித், ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பகுத்து ஆறு நிமிடக் கூறுகளாக வேலையைக் குறித்துவைக்கும் முறையைத் தம் அலுவலகத்தில் நிலைநாட்டினார். பின்னர் மணிக்கணக்கைக் கட்டண வீதத்தால் பெருக்கிப் பில் அனுப்புவது அந்நாட்டில் பொது வழக்கமாயிற்று. இந்தியாவிலோ, ரிட்டர்ன் தாக்கலுக்கு இவ்வளவு, வரித் தணிக்கைக்கு இவ்வளவு என மொத்தத் தொகை பேசி முடிப்பதே சிறிய அலுவலகங்களின் நடைமுறை. இலாபத்தில் விழுக்காடு என்ற முறையில் கட்டணம் பெறுவதையும், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பட்டயக் கணக்காளர் சட்டம் தொழில் ஒழுங்கீனமாகக் கருதுகிறது.

மொத்தத் தொகை பேசும் அலுவலகத்தில் நேரம் பில்லில் இடம்பெறுவதில்லை என்பதால் அதைப் பதியத் தேவையில்லை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அங்கேதான் அதன் தேவை மிகுதி. எடுத்துக்காட்டாக, 30,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்ட தணிக்கை 60 மணி நேரத்தை விழுங்கினால் மணிக்கு 500 ரூபாயே கிடைக்கிறது; 12,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்ட சிறு வேலை 10 மணி நேரத்தில் முடிந்தால் மணிக்கு 1,200 ரூபாய் கிடைக்கிறது. பெரிய வாடிக்கையாளர் என்று மதிக்கப்பட்டவர் அலுவலகத்தின் உழைப்பை உறிஞ்சுவதும், சிறியவர் என்று ஒதுக்கப்பட்டவர் அலுவலகத்தைத் தாங்குவதும் இந்தக் கணக்கில் மட்டுமே தெரியவரும். அந்த 60 மணி எங்கே போயிற்று என்பதையும் பதிவேடு காட்ட வேண்டும். கொள்முதல் பதிவேட்டை ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு, அதாவது விற்றவர்கள் தாக்கல் செய்த விவரங்களிலிருந்து அரசுத் தளம் தானே தொகுத்துத் தரும் உள்ளீட்டு வரிப் பட்டியலோடு, ஒவ்வொரு பில்லாக ஒப்பிட்டதில் பாதி நேரம் கழிந்திருக்கக்கூடும். ஆகவே வாடிக்கையாளர், வேலை, வேலையின் உட்பிரிவு என்ற மூன்று அடுக்குகளிலும் நேரத்தைக் குறிக்க இடந்தராத மென்பொருள் இத்தொழிலுக்குப் பயன்படாது. தணிக்கை ஆவணங்கள் பற்றிய எஸ்ஏ 230 தரநிலை, எந்த வேலையை யார் செய்தார், எப்போது முடித்தார் என்பது ஆவணத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஒழுங்காக எழுதப்பட்ட டைம்ஷீட் அதற்கும் துணைநிற்கும்.

ஆறு நிமிடக் கணக்கு சிறிய அலுவலகத்திற்கு மிகை; கால் மணி நேரக் கூறு போதும். பொத்தானை அழுத்தினால் ஓடும் கடிகாரத்தை விட, மாலையில் வீடு திரும்புமுன் கைபேசியிலேயே நிரப்பி முடிக்கத்தக்க எளிய படிவம் நம்பகமானது. ஏனெனில் வாடிக்கையாளரின் கிடங்கில் சரக்கிருப்பு எண்ணிக்கொண்டிருக்கும் மாணவர் கடிகாரத்தை நிறுத்த மறப்பது இயல்பு. பணியாளரின் கணினித் திரையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை படமெடுக்கும் வசதியைத் தயக்கமின்றி மறுத்துவிட வேண்டும். அது கற்கவந்த மாணவரை அவமதிப்பதோடு, வாடிக்கையாளரின் கணக்கு விவரங்களை வெளியார் சேமிப்பகத்தில் கொண்டுபோய் வைக்கிறது. வாடிக்கையாளரின் தகவலை அவர் இசைவின்றி வெளியிடுவதோ, பட்டயக் கணக்காளர் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி தொழில் ஒழுங்கீனம்.

பில் போடும் பகுதியில்தான் வெளிநாட்டு மென்பொருள்கள் பெரிதும் தடுமாறுகின்றன. அலுவலகம் ஜிஎஸ்டி பதிவு பெற்றபின், 1,00,000 ரூபாய்க் கட்டணத்திற்கு 18 விழுக்காடு வரி சேர்த்து 1,18,000 ரூபாய்க்குப் பில் அனுப்புவதாகக் கொள்ளலாம். வாடிக்கையாளர் ஒரு நிறுவனமானால் கட்டணத்தின் மீது மட்டும் 10 விழுக்காடு, அதாவது 10,000 ரூபாயை, டிடிஎஸ் எனப்படும் முன்கூட்டிய வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு 1,08,000 ரூபாய் செலுத்துவார். டிடிஎஸ் பற்றி அறியாத மென்பொருள் அந்த 10,000 ரூபாயை என்றென்றும் பாக்கியாகக் காட்டிக்கொண்டிருக்கும்; அதைத் தள்ளுபடி என்று எழுதித் தீர்த்தால் வருமானம் குறைந்து தோன்றுவதோடு, ரிட்டர்னில் கோர வேண்டிய வரி வரவும் கணக்கிலிருந்து மறையும். வாடிக்கையாளருக்காகக் கம்பெனிப் பதிவாளரிடம் கட்டிய கட்டணத்தையும் கவனிக்க வேண்டும்: அவருடைய இசைவுடன், அவர் சார்பில் கட்டப்பட்டு, பில்லில் தனியே காட்டப்பட்ட தொகையை, ஜிஎஸ்டி விதி 33 கூறும் தூய முகவர் நிலையில், பிற நிபந்தனைகளும் நிறைவேறினால், வரி மதிப்பில் சேர்க்க வேண்டியதில்லை. கட்டணத்தையும் செலவையும் ஒரே தொகையாகக் கலந்துவிடும் மென்பொருள் வாடிக்கையாளரை வீண் வரி கட்டவைக்கிறது.

பணம் வராத பில்லுக்கும் வரி செலுத்தும் பொறுப்பு வந்துவிடுவதால், முதலில் வரியற்ற முன்வரைவுப் பட்டியலை, அதாவது புரொஃபார்மாவை, அனுப்பிப் பார்ப்பது தொழிலில் வழக்கம். ஆயினும் சேவை முடிந்த 30 நாட்களுக்குள் வரிப் பட்டியல் தரப்பட வேண்டும் என்பது பொதுவிதி. எனவே முடிந்தும் பில் போடப்படாத வேலைகளை நாள் எண்ணிக்கையுடன் காட்டும் அறிக்கை, அழகிய வரைபடங்கள் அனைத்தையும் விட மதிப்புடையது. வரிப் பட்டியலின் வரிசை எண் 16 எழுத்துகளுக்கு மிகாமல் நிதியாண்டு முழுதும் தொடர்ச்சியாக வர வேண்டும். 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகத்திற்குரிய மின்னணுப் பட்டியல் வசதிக்கு இப்போதே பணம் கொடுக்க வேண்டியதில்லை.

டேலியிலோ சோஹோ புக்ஸிலோ ஏற்கெனவே கணக்கு எழுதும் அலுவலகம், அதனுடன் இணங்கும் ஏற்பாட்டை முதலில் ஆராய்வது நன்று. சந்தா கட்டுமுன், சில வாரத்து உண்மையான பதிவுகளை உள்ளிட்டு, அவை அனைத்தையும், விளக்கக் குறிப்புகள் உட்பட, எக்செல் கோப்பாக வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டு ரிட்டர்னின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டியிருப்பதால், சந்தா நின்ற மறுநாள் பழைய பில்கள் கைக்குக் கிடைக்குமா என்பதை விற்பவரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்வது இன்றியமையாதது. செப்டம்பர் மாத வரித் தணிக்கை நெருக்கடியில் புதிய மென்பொருளைத் தொடங்கலாகாது. ஏப்ரலில் தொடங்கினால், அடுத்த ஆண்டுக் கட்டணம் பேச வாடிக்கையாளர் முன் அமரும்போது ஓராண்டின் மணிக்கணக்கு கையில் இருக்கும்.