பாட்டி ஏன் ரொட்டியைத் தள்ளி வைக்கிறார்?

போன மாதம் வரை ரொட்டியும் சம்பலும் விரும்பிச் சாப்பிட்ட பாட்டி இப்போது தட்டைத் தள்ளி வைக்கிறார். முகம் கழுவிவிடப் போனால் கையைத் தட்டி விடுகிறார். “வயசாகிப் போச்சு, பிடிவாதம் கூடிப் போச்சு” என்கிறோம். வேலைக்குப் போகும் அவசரத்தில் ஏசியும் விடுகிறோம். ஆனால் அவருக்குப் பல்வலியாக இருக்கலாம்.

“பல்லுப் போனால் சொல்லுப் போச்சு” என்பார்கள். மறதி நோயில் சொல்லும் போய்விடுகிறது. வலி இருக்கும், சொல்லத் தெரியாது. கன்னத்தைப் பிடித்துக்கொள்வது, ஒரு பக்கமாக மெல்லுவது, இரவில் முனகுவது, திடீரென்று கோபப்படுவது இவைதான் அவர்களுடைய பேச்சு. இப்படிக் கண்டால் வாயைத் திறந்து பாருங்கள்.

துலக்கிவிடும் முறை

1. காலையிலும் படுக்கும் முன்பும் துலக்க வேண்டும். காலையில் முடியாமல் போனாலும் இரவில் தவற விடாதீர்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம் என்றால் பயப்பட மாட்டார்கள்.

2. நிமிர்ந்து உட்கார வையுங்கள். படுத்தபடி துலக்கினால் புரையேறும்.

3. பிரஷை அவர் கையிலேயே கொடுங்கள். நீங்களும் எதிரில் இருந்து துலக்கிக் காட்டுங்கள். தடுமாறினால் அவர் கைமேல் உங்கள் கையை வைத்து உதவுங்கள். “பாட்டி, வாயைத் திறங்க” என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

4. மென்மையான பிரஷும் பட்டாணி அளவு புளோரைட் பற்பசையும் போதும். கரி, சாம்பல் வேண்டாம். பல் தேய்ந்து போகும்.

5. மறுத்தால் விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வாருங்கள். பலவந்தம் வேண்டாம். பற்களுக்கு நடுவில் விரலை வைக்காதீர்கள்.

6. கட்டுப்பல் இருந்தால் இரவில் கழற்றி, கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள்.

வெற்றிலை போடுபவர்கள்

மறதி உள்ளவர்கள் வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கியபடியே தூங்கிவிடுவார்கள். படுக்கும் முன் பார்த்து எடுத்து விடுங்கள். புகையிலையும் பாக்கும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும். வாயில் வெள்ளை, சிவப்புத் திட்டுகள், இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வீக்கம் இருந்தால் தாமதிக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். அங்கே பணம் கட்டத் தேவையில்லை. மறதி நோய் இருப்பதையும், குடிக்கும் மருந்துகளையும் அவரிடம் சொல்லுங்கள்.

வாய் அழுக்காக இருந்தால் அந்தக் கிருமிகள் எச்சிலோடு நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியாவும் வரலாம். ஆகவே இது அழகுக்காகச் செய்யும் வேலை அல்ல.

நமக்குப் பல் முளைத்தபோது வாயைத் திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டவர் அவர். இன்று இரவு ஏசாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வாயை ஒருமுறை பாருங்கள்.