தரைக்குள் துருப்பிடித்த குழாய்வாய்: கொமட்டைக் கழற்றித் திருத்தும் முறை

கொமட் ஆடத் தொடங்கினால் அநேக வீடுகளில் செய்யப்படும் முதல் வைத்தியம், அதன் அடியைச் சுற்றிச் சீமெந்துச் சாந்து பூசுவதாகும். ஆட்டம் நிற்கும். மணமும் சில கிழமைகளுக்குக் குறையும். ஆனால் கசிவு நிற்பதில்லை. முன்பு தரையில் ஈரமாக வந்து எம்மை எச்சரித்த தண்ணீர், இப்போது வழி அடைபட்டு தரைக்குக் கீழே இறங்குகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்ற சுண்ணக்கல் நிலத்தில் இதை அற்ப விடயமாகக் கருத முடியாது. அங்கே மண் படை மெல்லியது; கல்லிலோ வெடிப்புகளும் பொந்துகளும் அதிகம். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடி தூரம் விடவேண்டுமென்று நாம் வழக்கமாகச் சொல்லி வருகிறோம். குழியைத் தூரத்தில் வெட்டிவிட்டு, கிணற்றடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடியிலுள்ள மலசலகூடத் தரையின் கீழ் ஒழுக விட்டால் அந்த அளவினால் என்ன பயன்?

இங்கே நாம் எடுத்துக்கொள்வது, வார்ப்பிரும்புக் குழாய் பதிக்கப்பட்ட பழைய கட்டிடங்களை. இவற்றில் தரைக் கொங்கிறீற்றினூடாக ஓர் இரும்புக் குழாய் மேலே வரும். அதன் விரிந்த வாய்க்குள் கொமட்டின் கழுத்து இறங்கியிருக்கும். கழிவிலிருந்து எழும் வாயு, குழாயின் ஈரமான மேற்சுவரில் அமிலமாக மாறி இரும்பைத் தின்கிறது. ஆகவே எப்போதும் தண்ணீர் ஓடும் அடிப்பக்கத்தை விட, வாய்ப்பகுதி முதலிற் கெடுவதுண்டு. கரையோரக் கிராமங்களில் உவர்த் தண்ணீர் ஊற்றப்படுவதால் துரு இன்னும் விரைவாகும். வேறொரு காரணமும் உண்டு. பழைய தரைக்கு மேல் ஓடு பதிக்கும்போது தரை உயர்ந்துவிடும். குழாய்வாய் பழைய மட்டத்திலேயே கிடக்கும். கழுத்து போதிய அளவு உள்ளே இறங்காது. இரும்பு நன்றாக இருந்தாலும் அந்த இடைவெளியால் ஒழுகும்.

கழற்றுவதற்கு முன், பழுது எங்கே என்பதை நிச்சயப்படுத்திக் கொள்ளுங்கள். துணிக்குப் போடும் நீலத்தைப் பின்னாலுள்ள தண்ணீர்த் தொட்டியில் கரைத்து, தண்ணீர் திறக்காமல் அரை மணித்தியாலம் விடுங்கள். தரையில் நீலம் தெரிந்தால் தொட்டியில் அல்லது அதன் இணைப்பில்தான் கோளாறு. அப்படித் தெரியாமல், தண்ணீர் திறந்த பின்னரே ஈரமும் மணமும் வருமானால் குழாய்வாயைச் சந்தேகிக்கலாம். சுத்தியற் பிடியினால் சுற்றிவரத் தரையைத் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் கேட்குமிடத்தில் கீழே மணல் அரித்துப் போயிருக்கக் கூடும்.

தண்ணீரை நிறுத்தி, கொமட்டினுள் தங்கியுள்ளதைச் சிரட்டையால் அள்ளித் துணியால் ஒற்றி எடுங்கள். ஆணிகள் துருவேறித் திரும்பாவிட்டால் தலையை வாளால் அறுத்துவிடலாம். அடிச் சாந்தை மெல்லிய உளியால், பீங்கானில் படாமல், பக்கவாட்டில் சிறிது சிறிதாகக் கொத்த வேண்டும். பின்பு இருவராகத் தூக்கிச் சாக்கின் மேல் வையுங்கள். குழாய்வாயை உடனே துணிப் பொதியால் அடைத்து, அதில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையை வெளியே விடுங்கள். கயிறில்லாத துணி குழாய்க்குள் போனால் அது வேறொரு வேலையாகிவிடும். யன்னலைத் திறந்து வையுங்கள். குழாயிலிருந்து வருவது தீப்பற்றக்கூடிய வாயு. பீடி, சுருட்டு, மெழுகுதிரி எதுவும் அருகில் வேண்டாம்.

இனி இரும்பைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். திருப்புளியால் குத்தும்போது முனை இறங்குமானால் அந்தப் பகுதி போய்விட்டது. வாய் மட்டும் கெட்டுக் கீழே உறுதியாக இருந்தால், குழாயைச் சுற்றி ஆறு அங்குல அகலத்தில் கொங்கிறீற்றைக் கொத்தி எடுத்து, உறுதியான பகுதி வரை வாளால் அறுங்கள். பெரிய சுத்தியலை எடுக்க வேண்டாம். வார்ப்பிரும்பு வளையாது, வெடிக்கும். மேலே விழுந்த அடியின் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாத ஆழம் வரை ஓடிவிடும். குத்திய இடமெல்லாம் இறங்குமானால், வெளியிலுள்ள மன்ஹோல் வரை முழுக் குழாயையும் மாற்றுவதே மலிவு. அரைவாசி வேலைக்குக் கூலி கொடுத்து, அடுத்த மாரிக்கு மீண்டும் தரையை உடைப்பதில் இலாபம் ஏதுமில்லை.

புதிதாக நாலு அங்குல பீ.வீ.சீ. குழாய் போதும். பழைய இரும்புடன் சேருமிடத்தில் றப்பர் உறையைப் போட்டுக் கிளிப்பால் இறுக்க வேண்டும். வெறும் சாந்து அந்த மூட்டைத் தாங்காது. படுக்கையாகச் செல்லும் குழாய்க்கு ஓரடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுங்கள். புதிய வாயின் உயரத்தை, தரை வேலை முடிந்தபின் வரும் மட்டத்துக்கு அளந்து வெட்டுங்கள். பீ.வீ.சீ.யில் சீமெந்து ஒட்டாது என்பதை எமது மேசன்மார் பலர் கவனிப்பதில்லை. கொங்கிறீற்றுக்குள் வரும் பகுதியில் குழாய்ப் பசையைத் தடவி, அது காயுமுன் உலர்ந்த மணலைத் தூவிவிட்டால் சீமெந்து பிடித்துக்கொள்ளும்.

தரையை மூடுமுன் பத்து வாளி தண்ணீர் ஊற்றி மூட்டைப் பாருங்கள். அன்றைக்கே வேலையை முடித்துக் கூலியுடன் போக விரும்புபவர் இதற்கு அவசரப்படுவார். வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் இதுதான். மூடு உலர்ந்திருந்தால் குழியை மணலால் நிரப்பி இறுக்கி, ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவையில் கொங்கிறீற் இட்டு, ஒரு கிழமை ஈரச் சாக்கினால் மூடி வையுங்கள். அதுவரை அயலவர் மலசலகூடத்துக்குச் செல்லவேண்டி வருமாதலால், வீட்டில் முதியவரோ நோயாளியோ இருந்தால் முன்னரே ஒழுங்கு செய்வது நல்லது.

கொமட்டை வைக்கும்போது அதன் கழுத்துக்குப் புதிய றப்பர் வளையம் போடுங்கள். பித்தளை அல்லது துருப்பிடியா உருக்கு ஆணிகளையே வாங்குங்கள். இருபக்க ஆணிகளையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் பீங்கான் வெடிக்கும். அடிக்குச் சாந்து வைப்பதானால் சீமெந்து குறைந்த கலவையாக இருக்கட்டும், பின்னொரு நாளில் உடையாமல் கழற்றலாம். பின்பக்கத்தில் இரண்டு விரல் அகலத்தைப் பூசாமல் விடுங்கள். மீண்டும் ஒழுகினால் அந்த இடைவெளி காட்டிக்கொடுக்கும்.

கிணறு அருகில் இருந்தால், திருத்த வேலையோடு காரியம் முடிந்துவிடாது. மண்ணில் ஊறியது உடனே மறையாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு கிணற்றுக்குக் குளோரின் இடுவது பற்றிக் கேளுங்கள். நீர் மாதிரியைப் பரிசோதிக்கவும் அவர் வழி சொல்வார். முடிவு வரும்வரை குடிக்கும் தண்ணீரை, குமிழ் எழக் கொதித்தபின் ஒரு நிமிடமாவது அடுப்பில் விட்டு இறக்குங்கள். குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரை வேறு கிணற்றிலிருந்து எடுப்பதே நல்லது. கழிவால் கிணற்றில் சேரும் நைத்திரேற்று கொதிக்க வைப்பதால் நீங்காது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.