முதலில் மெயில், அப்புறம் போஸ்ட்

வெள்ளிக்கிழமை மதியம் காலண்டரில் திடீரென்று ஒரு மீட்டிங் முளைக்கும். தலைப்பு 'கேட்ச் அப்' என்று இருக்கும். அழைத்தவர் மேனேஜர்தான். அறைக்குள் போனால் பக்கத்திலேயே ஹெச்ஆரும் உட்கார்ந்திருப்பார். "நீங்களே பேப்பர் போட்டுடுங்க, ரிலீவிங் லெட்டர் கிளீனா வந்துடும். இல்லன்னா டெர்மினேஷன்னு போட வேண்டியிருக்கும். அடுத்த கம்பெனியில வெரிஃபிகேஷன்ல மாட்டும், உங்களுக்குத்தான் கஷ்டம்." பேசிக்கொண்டே உங்கள் லேப்டாப்பைத் திறக்கச் சொல்வார்கள். போர்ட்டலில் ராஜினாமாவுக்கான காரணம் கேட்கும் இடத்தில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் அவர்களே சொல்வார்கள்: சொந்தக் காரணங்கள்.

வெளியே வந்ததும் கை தானாகப் போனுக்குத்தான் போகும். லிங்க்ட்இனில் நான்கு பத்தி, எக்ஸில் ஒரு திரெட். எழுதுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்த 'சொந்தக் காரணங்கள்' பொத்தானை அழுத்திவிட்டு எழுதும் போஸ்ட்டுக்கும் அழுத்தாமல் எழுதும் போஸ்ட்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளரை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளத்தை இழப்பீடாகக் கொடுக்க வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் சொன்னது இதுதான். அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது. தானாக விலகியவருக்கு இதில் எதுவும் கிடையாது. ராஜினாமாவை இவ்வளவு கனிவாகக் கேட்பதன் காரணம் புரிகிறதல்லவா?

ஆகவே அந்த அறையில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "யோசிச்சு மெயில்ல பதில் சொல்றேன்." அன்றைக்கே மேனேஜருக்கும் ஹெச்ஆருக்கும் ஒரு மெயில் அனுப்புங்கள். இன்று இத்தனை மணிக்கு என்னை அழைத்து ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், எனக்கு விலகும் எண்ணம் இல்லை, நிறுவனத்தின் முடிவு எதுவானாலும் எழுத்தில் தாருங்கள் என்று நான்கைந்து வரி போதும். அதைச் சொந்த மெயிலுக்கும் காப்பி போடுங்கள். அதற்குப் பிறகு போனை எடுங்கள்.

போஸ்ட்டின் பலத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. சென்னை ஐ.டி. துறையிலேயே அதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2014 டிசம்பரில் டி.சி.எஸ். ஆட்களை வெளியேற்றுவதாகப் பேச்சு கிளம்பியபோது ஊழியர்களுக்குச் சங்கம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கினார்கள். சோழிங்கநல்லூரில் இருப்பவருக்கும் சிறுசேரியில் இருப்பவருக்கும் தங்களுக்கு மட்டும் இப்படி நடக்கவில்லை என்று அங்கேதான் தெரிந்தது. அதிலிருந்து எஃப்.ஐ.டி.இ. என்ற ஐ.டி. ஊழியர் அமைப்பு உருவானது. தொழிலாளர் துறைக்கு மனுக்கள் போயின. 2015 ஜனவரியில், கர்ப்பிணியான ஓர் ஊழியரைப் பணிநீக்கம் செய்த உத்தரவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நிறுவனமும் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம், தொழிலாளர் சட்டங்களிலிருந்து அந்த நிறுவனங்களுக்கு விலக்கு இல்லை என்று 2016-இல் தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. இதுவும் சங்கத்தினர் நீதிமன்றம் வரை போனதால் வந்த பதில்தான். ஃபேஸ்புக் ஆட்களைச் சேர்த்தது. மீதி வேலையைச் செய்தது மனுவும் வழக்கும்.

அதே போராட்டத்தில் இன்னொரு பாடமும் இருந்தது. 25,000 பேர் போகப்போகிறார்கள் என்று ஓர் எண் சமூக ஊடகத்தில் சுற்றியது. நிறுவனம் அதை மறுத்தது, தான் அனுப்பியது மொத்த ஊழியர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்றது. அப்புறம் விவாதமெல்லாம் அந்த எண்ணைப் பற்றித்தான். வேலை போனவரின் கதை பின்னுக்குப் போய்விட்டது. தெரியாத எண்ணை எழுதினால், எதிர்த் தரப்புக்கு மறுப்பதற்கு ஒன்றை நாமே எடுத்துக் கொடுத்ததாக ஆகிவிடும்.

சரி, போஸ்ட்டை எப்படி எழுதுவது? பெரும்பாலானவர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள்:

"ஏழு வருஷம் உழைச்சேன். எக்ஸ் என்கிற ஹெச்ஆர் ஒரு ரவுடி. இந்தக் கம்பெனி ஒரு ஃபிராடு. என் டீம்ல எல்லாரையும் தூக்கிட்டாங்க. கிளையன்ட் பேரைச் சொன்னா நாறிடும்."

கோபம் நியாயமானதே. ஆனால் ஐந்து வரிக்குள் நான்கு வம்பு இருக்கிறது. தனிநபரின் பெயர், 'ஃபிராடு' என்ற குற்றச்சாட்டு, சரிபார்க்காத 'எல்லாரும்', கிளையன்ட் ரகசியம். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஏழு ஆண்டுகள் பணியாற்றிய நிறுவனம் இன்று பிற்பகல் என்னை ராஜினாமா செய்யச் சொன்னது. நான் மறுத்துவிட்டேன். முடிவை எழுத்தில் கேட்டிருக்கிறேன். கடந்த அப்ரைசலில் எனக்கு நல்ல ரேட்டிங்தான் இருந்தது. இதேபோல அழைக்கப்பட்டவர்கள் இன்பாக்ஸில் பேசலாம்."

சுவை குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது. கடைசி வரிதான் உண்மையில் வேலை செய்யும் வரி. லைக் போட்ட ஆயிரம் பேரைவிட, இன்பாக்ஸில் வரும் பன்னிரண்டு பேர் உங்களுக்கு உதவுவார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்து கொடுக்கும் மனுவைத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் பார்க்கும் விதமே வேறு.

அவதூறு பற்றிப் பயமுறுத்துபவர்கள் அதிகம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவில் அது இன்னும் குற்றம்தான், இரண்டு ஆண்டு வரை சிறைக்கும் இடம் உண்டு. பொதுநலனுக்காகச் சொன்ன உண்மைக்கு அதே பிரிவில் விலக்கும் உண்டு. நடைமுறையில் அதைவிடப் பெரிய ஆபத்து, சேரும்போது படிக்காமல் கையெழுத்திட்ட ரகசியக்காப்பு ஒப்பந்தம். உள் மெயிலின் ஸ்கிரீன்ஷாட், கிளையன்ட் பெயர், டவுன் ஹாலில் எடுத்த வீடியோ, இவற்றை வெளியே விட்டால் ஆட்குறைப்பு வழக்கு ஒழுங்கு நடவடிக்கை வழக்காக உருமாறிவிடும். இழப்பீட்டை நிறுத்தி வைக்க அவர்களுக்கு ஒரு சாக்கும் கிடைத்துவிடும்.

ஒலிப்பதிவு? 2017 ஜூலையில் டெக் மஹிந்திராவின் ஹெச்ஆர் ஒருவர், மறுநாள் காலை 10 மணிக்குள் ராஜினாமா செய்ய வேண்டும் என்று ஓர் ஊழியரிடம் சொன்ன தொலைபேசி உரையாடல் வெளியானது. நாடு முழுக்கக் கேட்டார்கள். ஆனந்த் மஹிந்திராவே ட்விட்டரில் மன்னிப்புக் கேட்டார், அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி சி.பி.குர்னானியும் வருத்தம் தெரிவித்தார். ஒரு சாதாரண ஊழியரின் குரல் அவ்வளவு உயரம் போனது பெரிய விஷயம்தான். ஆனால் மன்னிப்பு, நடந்துகொண்ட விதத்துக்குத்தான் கிடைத்தது. ஆட்குறைப்பு நிற்கவில்லை. நீங்கள் பேசிய அழைப்பைப் பதிவு செய்து வைத்திருந்தால் அதை முதலில் வழக்கறிஞரிடம் கொடுங்கள். பொதுவெளியில் விடுவதா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும்.

வெளிநாட்டுக் கதைகளும் இதே மாதிரிதான். 2013 ஜனவரியில் பிரிட்டனின் ஹெச்.எம்.வி. இசைக்கடை நிறுவனத்தில், ஆட்குறைப்பு நடக்கும் அறையிலிருந்தே ஊழியர்கள் நிறுவனத்தின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கில் நேரலையாகப் பதிவிட்டார்கள். உலகம் கைதட்டியது, வேலை திரும்பவில்லை. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கிளவுட்ஃபிளேர் ஊழியர் ஒருவர் தன்னை நீக்கிய வீடியோ அழைப்பை டிக்டாக்கில் போட்டார். என்ன குறை கண்டீர்கள், எண்ணைக் காட்டுங்கள் என்று அவர் கேட்க, எதிரே இருந்த இருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. தலைமைச் செயல் அதிகாரி மேத்யூ பிரின்ஸ், இதை இன்னும் நல்லவிதமாகக் கையாண்டிருக்கலாம் என்று எக்ஸில் எழுதினார். அந்தக் கேள்வியைப் பொன்போலக் குறித்துக்கொள்ளுங்கள். 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற பெயரில் அனுப்பினால் எந்த அளவுகோல், எந்தக் காலாண்டு, யார் மதிப்பிட்டது என்று மெயிலில் கேளுங்கள்.

ஹெச்.எம்.வி. பாணியில் கம்பெனி கணக்கில் கைவைக்கிற யோசனையை மட்டும் மறந்துவிடுங்கள். கம்பெனி லேப்டாப், கம்பெனி வைஃபை, அதில் திறந்த வாட்ஸ்அப் வெப் எதுவும் வேண்டாம். பெயர் தெரியாத கணக்கில் எழுதினால் மாட்டமாட்டோம் என்று நினைப்பவர்கள் பலர். எந்த டீம், எந்த மாடி, என்றைக்கு மீட்டிங் என்று எழுதினால் யார் எழுதியது என்று கண்டுபிடிக்க மேனேஜருக்கு அரை மணி நேரம் போதும்.

இன்னும் வேலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நண்பரின் போஸ்ட்டுக்கு லைக் போடப் பயமாக இருந்தால் போட வேண்டாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். போன் செய்யுங்கள். அவருடைய வேலை எப்படி இருந்தது என்று லிங்க்ட்இனில் ஒரு பரிந்துரை எழுதுங்கள். மீட்டிங் நடந்த தேதிகள் நினைவிருந்தால் குறித்து வைத்துக் கொடுங்கள்.

அடுத்த வேலையை இந்தப் போஸ்ட் கெடுக்குமா? சில இடங்களில் கெடுக்கும், இல்லையென்று பொய் சொல்ல முடியாது. நிதானமான மொழியில் இருந்தால் பாதிப்பு குறைவு. இன்னொன்று, ஒரே புரொஃபைலில் சண்டை போஸ்ட்டும் வேலை தேடும் போஸ்ட்டும் அடுத்தடுத்து வர வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் சில நாள் போகட்டும்.

கம்பெனி லாகின் முடக்கப்படும் முன் உங்களுக்கே உரியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், அப்ரைசல் கடிதங்கள், பி.எஃப். விவரம். 'சீனியர் மேனேஜர்' என்று பட்டம் இருப்பதால் சட்டம் பொருந்தாது என்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம். பட்டத்தைவிட, நீங்கள் உண்மையில் செய்த வேலை என்ன என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. தனிநபர் தகராறை எழுப்பப் பழைய சட்டத்தில் மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது, புதிய தொகுப்பில் அது இரண்டாகிவிட்டது. தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியில் செட்டில்மென்ட் தாள் வரும். தொகையை மட்டும் பார்க்காமல் முழுவதையும் படியுங்கள். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, நிறுவனத்தைப் பற்றி எங்கும் எதிர்மறையாக எழுத மாட்டேன், எழுதியதை நீக்கிவிடுவேன் என்ற வரிகள் எங்கோ நான்காம் பக்கத்தில் இருக்கும். போஸ்ட்டை எடுக்கச் சொல்கிறார்கள் என்றால் அது அவர்களுக்கு உறுத்துகிறது என்று அர்த்தம். எத்தனை மாதச் சம்பளம் கூடுதலாகத் தருவீர்கள், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் என்ன எழுதுவீர்கள் என்று கேளுங்கள். பதிலை மெயிலில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.