சிறகே சுமை

கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளுள் ஒன்றாகிய பாம்பாறு, மறையூர்ப் பள்ளத்தாக்கைக் கடந்து அமராவதியில் சேர்கின்றது. ஐப்பசியில் அதன் பாறைகள்மீது சாம்பல் வாலாட்டி என்னும் குருவியைக் காண்கின்றோம். மஞ்சள் வயிறும் ஓயாது அசையும் நீண்ட வாலும் அதன் அடையாளங்கள். எடையோ சுமார் 20 கிராமே. இமயத்திலும் அதற்கு அப்பாலும் குஞ்சு பொரித்து, குளிரில் பூச்சிகள் அருகவே தெற்கே வருகின்றது. பனி நீங்கும் பருவத்தில் வடக்கே மீள்கின்றது. இத்தனை தொலைவிலும் தன் கூட்டை அது தூக்கி வருவதில்லை.

பகவான் புத்தர் மகத மன்னன் அசாதசத்துருவுக்கு அருளிய சாமஞ்ஞபல சூத்திரத்தில், சீவரமும் பாத்திரமுமே போதுமென்று மகிழும் பிக்குவுக்குச் சிறகன்றி வேறு சுமையற்ற பறவை உவமையாகின்றது. இல்லறத்தாராகிய நாம் மனையையும் பொருளையும் துறக்க வேண்டுவதில்லை. நாம் இறக்க வேண்டிய சுமை வேறு. 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள் மாந்தர் யாவரும் சமமென்பதும் ஒன்று. திரிசரணம் ஓதிய வாயாலேயே மணப்பேச்சில் உட்சாதி வினவுவோமாயின், பழைய கூட்டைச் சுமந்தே பறக்கின்றோம் அல்லமோ? அச்சுமையை நம் மக்கள் தலையில் ஏற்றாதிருப்போமாக.