படம் ஏறவில்லையா? அனுமதியைப் பாருங்கள்

கடைக்கு இணையத்தளம் செய்துகொண்ட வியாபார நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "தம்பிட கம்பியூட்டர்ல சாமான்ட படம் ஏறுது, சேர்வர்ல போட்டதும் ஏறுதில்லையே, ஏன் நானா?"

ஃபிளாஸ்க், ஜாங்கோ போன்ற பைத்தன் மென்பொருளில் செய்த தளமாயின், முதலில் சேர்வரின் லொக் கோப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். 'எர்னோ 13, பெர்மிஷன் டினைட்' என்றிருந்தால் அது அனுமதிப் பிரச்சினை.

தம்பியின் கணனியில் மென்பொருள் அவரது பெயரிலேயே ஓடுகிறது, கோப்புறையும் அவருடையது. உபுண்டு சேர்வரில் அது பெரும்பாலும் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற பயனரின் பெயரில் ஓடும். கோப்புறையை உருவாக்கியவரோ வேறொருவர். முதலாளி பூட்டிச் சென்ற ஸ்டோருக்கு வேலையாளிடம் சாவி இல்லாத கதைதான்.

அவசரத்தில் சிலர் 777 என அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். சேர்வரில் உள்ள எந்தப் பயனரும் எழுதலாம், அழிக்கலாம் என்பதே அதன் பொருள். வாடிக்கையாளரின் வங்கிப் பற்றுச்சீட்டுகளும் வந்து சேரும் இடத்துக்கு இது கூடவே கூடாது. அந்தக் கோப்புறையின் உரிமையை மாத்திரம் 'சௌன்' கட்டளையால் மேற்படி பயனருக்கு மாற்றி, அனுமதியை 750 ஆக்கினால் போதும்.

அதன் பிறகும் ஏறாவிட்டால் மேலுள்ள கோப்புறைகளைப் பாருங்கள். 2021இல் வந்த உபுண்டு 21.04 முதல், புதிய பயனரின் ஹோம் கோப்புறை பிறருக்குப் பூட்டப்பட்டே உருவாகிறது. தளத்தை அதற்குள் வைக்காதிருப்பதே நல்லது.

413 என்று வந்தால் அனுமதியைத் தொடவே வேண்டாம். என்ஜின்எக்ஸ், நாம் மாற்றாதவரை, 1 மெகாபைட்டுக்கு மேல் ஏற்காது. அந்த எல்லையைக் கூட்டச் சொல்லுங்கள்.