ஸ்டீராய்டுக்கு என்ன அவசரம்?

அன்புள்ள தங்கச்சிக்கு,

குருமாம்பேட் கால்நடைக் கல்லூரியில் படித்து முடித்த கையோடு புதுச்சேரி டவுனிலேயே கிளினிக் போட்டுவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். நம் படிப்பில் மாட்டுக்குக் கிடைத்த பக்கங்கள் பூனைக்குக் கிடைக்கவில்லை. ஆனால் உன் மேசைக்கு இனி அதிகம் வரப்போவது முத்தியால்பேட்டையிலிருந்தும் லாஸ்பேட்டையிலிருந்தும் கூடையில் தூக்கிவரும் பெர்சியன் பூனைகள்தான்.

“வயித்துல கட்டி தட்டுப்படுது டாக்டர்” என்பார்கள். பதறாதே, அவர்களையும் பதற விடாதே. பூனையின் இடது சிறுநீரகம் இடம் நகரும். நன்றாக இருக்கும் பூனையிலேயே கட்டி போலக் கைக்கு அகப்படும். மூத்திரப்பை நிரம்பியிருந்தாலும் உருண்டையாகத்தான் இருக்கும். மலச்சிக்கலில் இறுகிக் கிடக்கும் மலத்தை விரலால் அழுத்தினால் குழி விழும், கட்டியில் விழாது. இத்தனையும் கழித்த பிறகு மிச்சம் இருப்பதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இளம் பூனைக்கு வயிறு உப்பி, ஊசியில் மஞ்சளாக, பிசுபிசுவென்று நீர் வந்தால் புற்றுநோயைவிட முதலில் எஃப்ஐபி என்னும் வைரஸ் நோய் ஞாபகம் வரட்டும். முன்பு அது மரண தண்டனை. 2019-ல் கலிஃபோர்னியாவின் நீல்ஸ் பெடர்சன் குழு ஜிஎஸ்-441524 மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தது; பெரும்பாலானவை பிழைத்தன.

பத்து வயது தாண்டிய பூனை மெலிந்துகொண்டே வருகிறது, அடிக்கடி வாந்தி எடுக்கிறது என்றால் கதை வேறு. பூனையின் குடலில் அதிகம் வரும் புற்றுநோய் லிம்ஃபோமா. கைக்குழந்தை எடை மெஷின் ஒன்று வாங்கி வை. 5 கிலோ பூனை அரைக் கிலோ இறங்குவது, 60 கிலோ ஆள் 6 கிலோ இறங்குவதற்குச் சமம். அடர்ந்த ரோமத்துக்குள் அது கண்ணுக்குத் தெரியாது.

இங்கேதான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பூனை மறுநாளே சாப்பிடும், வீட்டுக்காரர் உன்னைக் கடவுள் என்பார். ஆனால் ஸ்டீராய்டு லிம்ஃபோமா செல்களையும் கொல்லும். பிறகு எடுக்கும் மாதிரி எதையும் தெளிவாகச் சொல்லாது, அடுத்து கொடுக்கும் கீமோவும் சரியாக எடுபடாமல் போகலாம். ஆகவே முதலில் ஸ்கேன், பிறகு ஊசியால் உறிஞ்சி எடுக்கும் மாதிரி, தேவைப்பட்டால் குடலிலிருந்து ஒரு துண்டு. அது 10 சதவீத ஃபார்மலினில் லேபுக்குப் போகட்டும். சிறு செல் லிம்ஃபோமாவையும் நாள்பட்ட குடல் அழற்சியையும் ஸ்கேனை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

பிரித்துச் சொல்வதால் என்ன லாபம் என்று வீட்டுக்காரர் கேட்பார். சிறு செல் வகை என்றால் பிரெட்னிசலோனும் குளோராம்புசில் மாத்திரையும் போதும். பல பூனைகள் இரண்டு வருடம், அதற்கு மேலும் வாழ்கின்றன. பெரிய செல் வகைக்குக் கீமோ கொடுத்தாலும் பெரும்பாலும் சில மாதங்கள்தான். இரண்டையும் அப்படியே சொல்லிவிடு. குளோராம்புசிலை உடைக்காமல், கையுறை போட்டுக் கொடுக்கச் சொல். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடப் போகிறார்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும், அதையும் சீட்டில் எழுதிக் கொடு.

பணம் இல்லை, துண்டெடுக்க முடியாது என்பவர்களும் வருவார்கள். அவர்களுக்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுப்பதில் தவறே இல்லை, எதை இழக்கிறோம் என்று தெரிந்து அவர்களே முடிவு செய்திருந்தால். மற்றவர்கள் விஷயத்தில் மாதிரியை லேபுக்கு அனுப்பிவிட்டு எனக்குப் போன் பண்ணு. ஸ்டீராய்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்