இகுவாசு அருவியில் கரைந்து போகும் வயல் மண்

தென் அமெரிக்காவில் அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் எல்லையாக இகுவாசு அருவி விழுகிறது. இதன் அகலம் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர். மிக உயரமான இடத்தில் வீழ்ச்சி சுமார் 80 மீட்டர். குவாரனி மொழியில் இகுவாசு என்றால் பெருநீர் என்று பொருள். ஆனால் கனமழைக்குப் பின் பார்ப்பவருக்கு வெள்ளருவி தெரியாது. செங்கல்லைக் கரைத்து ஊற்றியது போன்ற நீரே தெரியும். அது மேலே உள்ள வயல்களின் மண்.

இகுவாசு ஆறு கடலோர மலைத் தொடரில், குரிட்டிபா நகருக்கு அருகில் தோன்றுகிறது. ஆனாலும் பக்கத்துக் கடலை விட்டு மேற்கே பரானா மாநிலத்தின் ஊடே நெடுந்தூரம் ஓடி, பரானா ஆற்றில் கலக்கிறது. இதற்குப் பனிமலை ஊற்று கிடையாது. மழை ஒன்றே ஆதாரம். 1978-ல் கடும் வறட்சியால் அருவி ஏறத்தாழ வற்றியது. 2014 ஜூன் வெள்ளத்திலோ நொடிக்கு 45,000 கன மீட்டருக்கு மேல் நீர் பாய்ந்தது. சராசரி அளவு 1,750 கன மீட்டர்தான்.

அருவி இருப்பது மகரரேகைக்குத் தெற்கே, மிதவெப்ப மண்டலத்தில். அங்கு தனியாகக் கோடை வறட்சி என்று பருவம் இல்லை. ஆண்டு முழுதும் மழை உண்டு. ஜூன் முதல் ஆகஸ்டு வரை குளிர்காலம். சில ஆண்டுகளில் உறைபனி விழும். 1975 ஜூலையில் விழுந்த உறைபனி பரானாவின் காப்பித் தோட்டங்களைக் கருக்கியது. அதன்பின் பலர் காப்பியை விட்டுச் சோயாவுக்கும் கோதுமைக்கும் மாறினர். நின்ற பயிர் போய், ஆண்டுதோறும் உழும் பயிர் வந்தது. அடியில் இருப்பது எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. மகாராஷ்டிரத்தில் கரிசலைத் தரும் அதே வகைப் பாறை, மிகுந்த மழையால் இங்கு வளமான செம்மண்ணாகியுள்ளது. அக்டோபரில் சோயா விதைக்க உழுது பொடியாக்கிய வேளையில் பெருமழை கொட்டினால், மேல்மண் ஆற்றோடு போய்விடும்.

இதே மாநிலத்தின் ரோலாண்டியா பகுதியில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி 1972-ல் உழாமலே சோயா விதைத்தார். அக்கம்பக்கத்தார் அவரைப் பைத்தியக்காரர் என்றனர். இன்று அம்மாநிலத்தில் உழாத சாகுபடியே பெருவழக்கு. குளிர்காலத்தில் கருப்பு ஓட்ஸ் வளர்த்து, உருளையால் சாய்த்து, அந்த மூடாக்கின் ஊடே விதைக்கின்றனர். ஆனால் களைக்கொல்லிச் செலவு இதில் கூடுதல். மேலும், உழவை நிறுத்தியாயிற்று என்று சமமட்ட வரப்புகளைக் கலைத்த இடங்களில் மீண்டும் மண் கரைந்தது. மூடாக்கு மழைத்துளியின் அடியைத் தாங்கும்; சரிவில் திரண்டு ஓடும் நீரை வரப்புதான் தடுக்கும்.

தமிழ்நாட்டிலும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவது அக்டோபரில்தான். சரிவான மானாவாரி நிலத்தில் அப்போது உழுது வெறுமனே விடுவது ஆபத்து. சோளத்தட்டை முழுவதும் மாட்டுக்குத் தேவைப்படும் வீட்டில் மூடாக்குப் போடச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. அறுவடையில் ஒரு சாண் உயரத் தாளையாவது விட்டு அறுக்கலாம். உழவையும் விதைப்பையும் சரிவுக்குக் குறுக்கே அமைக்க வேண்டும். வரப்பில் கொழுக்கட்டைப்புல் நட்டால் மண்ணும் நிற்கும், தீவனமும் கிடைக்கும். முதல் மழைக்கு முன்பே வரப்பின் உடைப்புகளை அடைத்துவிட வேண்டும்.